பி.எஸ்சி. கணிதத்துக்கு அப்புறம் நிதித் துறை: எந்த எம்.எஸ்சி. எடுக்கலாம்?

பொருநைக்கரை கேட்டது:

வணக்கம். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மதிப்பெண் எண்பதை ஒட்டி இருக்கிறது. ரியல் அனாலிசிஸ், லீனியர் ஆல்ஜீப்ரா இரண்டும் பிடிக்கும். புள்ளியியல் துணைப்பாடமாகத்தான் வந்தது, அதுவும் ஃபார்முலாவில் எண்ணைப் போட்டு விடை எடுக்கிற அளவில். நிதித் துறைக்குப் போக ஆசை. வங்கிக் கிளை வேலையைச் சொல்லவில்லை, ரிஸ்க் (நட்ட அபாயத்தை அளப்பது), குவான்ட் (கணித மாடல் வைத்து நிதிக் கணக்குப் போடுவது) என்கிறார்களே, அந்தப் பக்கம். எம்.எஸ்சி. கணிதமா, புள்ளியியலா, இல்லை இப்போது ஊருக்கு ஊர் தொடங்கியிருக்கிற டேட்டா சயின்ஸா? சித்தப்பா எம்.பி.ஏ. ஃபைனான்ஸ்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். வெளிநாடு போய்ப் படிக்க வசதி இல்லை, கடன் என்றாலே அப்பாவுக்குத் தூக்கம் போய்விடும். துறையில் இருப்பவர்கள் சொல்லுங்களேன்.

ஓ.எம்.ஆர். பயணி:

தம்பி, புள்ளியியல் எடுங்கள்.

குவான்ட் என்று பொதுவாகச் சொல்வதில் பல வேலைகள் கலந்து கிடக்கின்றன. டெரிவேட்டிவ்களுக்கு (பங்கு மாதிரி இன்னொன்றின் விலையைச் சார்ந்த ஒப்பந்தங்கள்) விலை கணக்கிடும் வேலைக்கு ஸ்டொகாஸ்டிக் கால்குலஸ் (தற்செயலாக மாறுகிற அளவுகளுக்கான நுண்கணிதம்) வேண்டும், சி++ நிரலாக்கம் வேண்டும். இந்தியாவில் அந்த இடங்கள் குறைவு. பெரும்பாலும் மும்பையிலும் பெங்களூரிலும்தான், அதற்கும் ஐ.ஐ.டி. பி.டெக். கூட்டம் வரிசையில் நிற்கிறது. ஆள் நிறைய எடுப்பது ரிஸ்க் பக்கம். நான் சென்னையில் ஒரு வெளிநாட்டு வங்கிக்காக மாடல் வேலிடேஷன் செய்கிறேன். யாரோ கட்டிய மாடலை வாங்கி, அது சொல்கிற எண் நம்பத்தக்கதா என்று குடைந்து பார்ப்பதுதான் வேலை. 2011-இல் அமெரிக்க மத்திய வங்கி, மாடலைக் கட்டியவர்களே அதைச் சரிபார்த்துக்கொள்வது போதாது, சம்பந்தமில்லாதவர்கள் சோதிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. அதற்கப்புறம் எங்கள் மாதிரி ஆட்களுக்கு நல்ல கிராக்கி.

ஒரு உதாரணம் சொல்கிறேன். தனிநபர் கடன் வாங்கியவர்களில் யார் தவணை கட்டாமல் போவார்கள் என்று கணிக்கும் மாடல். அதைப் பழக்கிய தரவில் 2020-ம் இருக்கிறது. அந்த வருடம் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தது, சலுகை எடுத்தவர்கள் கணக்கில் நிலுவை நாள் ஏறவில்லை. ஆக, வேலை போய்ச் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்திருந்தவரும் தரவில் ஒழுங்காகக் கட்டியவராகத்தான் தெரிவார். மாடல் அதைப் பார்த்துவிட்டு ‘சம்பளம் நின்றாலும் ஒன்றும் ஆகாது’ என்று கற்றுக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க வேண்டும், எவ்வளவு தூரம் எண்ணைக் கெடுத்திருக்கிறது என்று கணக்கிட வேண்டும், அப்புறம் அதைக் கட்டியவர்கள் கோபப்படாதபடி அறிக்கையும் எழுத வேண்டும் (கடைசி விஷயம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை). இதற்கு ரெக்ரஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எப்படி மாறும் என்று கணிப்பது), சர்வைவல் அனாலிசிஸ் (ஒரு நிகழ்வு நடக்க எவ்வளவு காலம் ஆகும் என்று கணிப்பது), டைம் சீரிஸ் (கால வரிசைத் தரவு) எல்லாம் கைவந்திருக்க வேண்டும். பல கல்லூரிகளில் எம்.எஸ்சி. கணிதம் முழுக்கப் படித்தாலும் இவை ஒரு விருப்பப்பாடத்துக்கு மேல் வராது.

டேட்டா சயின்ஸ் என்று பெயர் போட்டதை எல்லாம் நம்பாதீர்கள். சிறுசேரியில் சி.எம்.ஐ. (சென்னை கணிதவியல் நிறுவனம்) நடத்துவது வேறு தரம், கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். மற்ற இடங்களில் முதல் பருவப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். நிகழ்தகவும் இன்ஃபரன்ஸும் (மாதிரித் தரவிலிருந்து முடிவுக்கு வரும் முறை) முழுப் பாடமாக இல்லாமல் நாலு மென்பொருள் பெயர் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

நாங்கள் நேர்காணலில் கேட்கும் ஒரு கேள்வியும் தருகிறேன். நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருக்கிறீர்கள். அடுத்தடுத்து தலை-தலை விழ சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்? தலை-பூ விழ எத்தனை முறை?

வெப்பச் சமன்பாடு:

ஓ.எம்.ஆர். அண்ணன் சொல்வது அவர் மேசையில் இருந்து பார்த்தால் சரி. ஆனால் பையன் ரியல் அனாலிசிஸ் பிடிக்கும் என்கிறான், அதைச் சொல்கிற ஆட்கள் எத்தனை பேர்? நான் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவன். டெரிவேட்டிவ் விலைக்காக 1973-இல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டில் மாறிகளை மாற்றினால் இயற்பியல் மாணவன் இரண்டாம் வருடமே போட்டுப் பழகிய வெப்பச் சமன்பாடு வந்து நிற்கிறது. பங்கு விலையின் தள்ளாட்டத்துக்கு பாஷலியே என்ற பிரெஞ்சுக் கணிதர் 1900-இலேயே பிரௌனிய இயக்கத்தின் (துகள்களின் தாறுமாறான அசைவு) கணக்கைப் போட்டுவிட்டார், ஐன்ஸ்டைனின் கட்டுரை வந்தது 1905-இல்தான். ஃபிஷர் பிளாக் வாங்கிய முனைவர் பட்டம்கூடப் பயன்பாட்டுக் கணிதத்தில். மெஷர் தியரி (நிகழ்தகவுக்கு அடித்தளமான கணிதம்) ஒழுங்காகப் படித்தவன் ஸ்டொகாஸ்டிக் கால்குலஸைப் பின்னால் தானே படித்துக்கொள்வான். புள்ளியியல் மட்டும் படித்தவனுக்கு அது மலையாகத் தெரியும்.

ஓ.எம்.ஆர். பயணி:

மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்கிற ஆட்கள் எல்லாம் எந்தக் காலத்தில், எந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தார்கள்? கடன் வாங்கப் பயப்படுகிற வீட்டுப் பையன், இரண்டு வருடத்தில் சம்பளம் வேண்டும். மெஷர் தியரியோடு வந்தவர்களை நான் நேர்காணல் செய்திருக்கிறேன், நல்ல மூளை, ஆனால் ஆம்-இல்லை விடையைக் கணிக்கிற லாஜிஸ்டிக் ரெக்ரஷன் கெழுவுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் முழிக்கிறார்கள். அப்புறம், கணிதர் எஸ்.ஆர்.எஸ். வரதனும் சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்துத்தான் ஐ.எஸ்.ஐ. (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) போனார், கணிதத்தின் உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஆபெல் பரிசு வாங்குவதற்கு அது ஒன்றும் தடையாக இல்லை 🙂

பிரீமியம் அக்கா:

இரண்டு பேரும் காப்பீட்டை மறந்துவிட்டீர்கள். நான் ஆக்சுவரி (காப்பீட்டு அபாயத்தையும் பிரீமியத்தையும் கணக்கிடுபவர்) தேர்வுகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏசெட் நுழைவுத் தேர்வு எழுதி இந்திய ஆக்சுவரிகள் நிறுவனத்தில் மாணவராகச் சேர்ந்துவிட்டு, வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொரு தாளாக எழுதலாம். பத்துக்கு மேல் தாள்கள், வருடக்கணக்கில் இழுக்கும், நடுவில் விட்டுவிட்டுப் போனவர்கள் ஏராளம், அதையும் தெரிந்துகொண்டே வாருங்கள் தம்பி. ஆனால் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் நியமன ஆக்சுவரி வைத்தே ஆக வேண்டும் என்பது விதி, அதனால் முடித்தவர்களுக்கு மதிப்பு குறையாது. இந்தத் தேர்வுகளில் சி.எஸ்.1 என்ற புள்ளியியல் தாளில் வருவது ஏறக்குறைய எம்.எஸ்சி. புள்ளியியல் முதல் வருடப் பாடம்தான், ஒரே படிப்பில் இரண்டும் நடக்கும்.

அரசு வேலை மீது வீட்டில் ஆசை இருந்தால் இன்னொன்று. ரிசர்வ் வங்கியின் கிரேடு பி அதிகாரிப் பணியில் புள்ளியியல் துறைக்குத் தனியாக ஆள் எடுக்கிறார்கள், புள்ளியியல் முதுகலைக்காரர்களுக்கு அது நேர் வழி. இடங்கள் கொஞ்சம்தான், ஆனால் பொதுப் பிரிவில் மோதுகிற கூட்டம் அங்கே இருக்காது.

வடை_டீ:

சித்தப்பாவிடம் கேளுங்கள், ஐ.ஐ.எம். கிடைத்தால் போகிறேன், கிடைக்காவிட்டால் ஃபீஸ் நீங்கள் கட்டுகிறீர்களா என்று. பேச்சு அதோடு முடியும்.

பொருநைக்கரை:

எல்லோருக்கும் நன்றி, சித்தப்பாவிடம் அப்படிக் கேட்டால் பொங்கலுக்கு வீட்டுக்குப் போக முடியாது. புள்ளியியல் பக்கம் மனம் சாய்கிறது. ஆனால் கணிதம் படித்த நான், ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வில் புள்ளியியல் தாள் எழுதினால் தேறுவேனா? நாணயக் கேள்விக்கு இரண்டுக்கும் 4 என்று வருகிறது, சரியா?

ஓ.எம்.ஆர். பயணி:

தலை-பூவுக்கு 4 சரி. தலை-தலைக்கு 6. ஒரு தலை விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். தலை-தலை வேண்டும் என்னும்போது பூ விழுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தலை-பூ வேண்டும் என்னும்போது தலை விழுந்தாலும் கையில் ஒரு தலை இருக்கிறது, எதுவும் வீணாகவில்லை. இதையே நிலைகளாகப் பிரித்துச் சமன்பாடு எழுதுங்கள், அதுதான் மார்க்கோவ் சங்கிலி. வங்கியில் கடன் கணக்குகள் ‘ஒழுங்கு’, ‘30 நாள் நிலுவை’, ‘60 நாள் நிலுவை’ என்று நகர்வதையும் இதே முறையில்தான் கணக்கிடுகிறோம்.

ஜாம் விஷயம்: ஒருவர் இரண்டு தாள் எழுதலாம், சமீப வருடங்களில் கணிதம் காலையிலும் புள்ளியியல் மதியமும் வருகிறது, அதனால் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். பிப்ரவரியில் தேர்வு, விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் திறக்கும். புள்ளியியல் தாளில் கணிதமும் ஒரு பகுதி, அது உங்களுக்குக் கைவசம் இருக்கிறது. நிகழ்தகவுப் பரவல்கள், எஸ்டிமேஷன் (மதிப்பீடு), ஹைபாதிசிஸ் டெஸ்டிங் (கருதுகோள் சோதனை) மூன்றையும் இப்போதே தொடங்குங்கள். ஐ.ஐ.டி. பம்பாய், கான்பூர் இரண்டு இடத்திலும் இந்தத் தாள் வழியாகச் சேரலாம். ஐ.எஸ்.ஐ.யின் எம்.ஸ்டாட் (புள்ளியியல் முதுகலை) நுழைவுத் தேர்வு மே மாதம் தனியாக நடக்கும், அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகை வேறு தருவார்கள், அப்பாவிடம் அதை முதலில் சொல்லுங்கள். உங்கள் துணைப்பாடம் தகுதிக்குப் போதுமா என்று அந்த வருடக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பைத்தான் தெரியுமா?