அவசரம்: ஹாம் (அமெச்சூர்) ரேடியோ, 7.085 மெகாஹெர்ட்ஸ்ல வாரா, விதிமீறல்னு மெயில் வந்திருக்கு (அமெரிக்கா)

அலை40: ஹூஸ்டன்ல இருக்கேன். 7.085-ல் வின்லிங்க் (ரேடியோ வழியா மெயில்), அதுக்கு வாரா எச்எஃப் (சிற்றலைக்கான மோடம் மென்பொருள்). சிக்னல் விதிக்கு ஒத்துவரலைன்னு கண்காணிக்கிறவங்ககிட்டேருந்து மெயில். 300 பாட் (நொடிக்கு 300 குறி) வரம்பைத்தான் எடுத்துட்டாங்களே, அப்புறம் என்ன தப்பு? ராத்திரிக்குள்ள சரி பண்ணணும்.

டைபோல்: லைசன்ஸ் எந்த வகுப்பு? ஆரம்ப வகுப்பான டெக்னீஷியன்னா 40 மீட்டர்ல (7 மெகாஹெர்ட்ஸ் பட்டை) மோர்ஸ் மட்டும்தான். எச்எஃப்ல டேட்டா 28.000–28.300-ல் மட்டும்.

செம்புக்கம்பி: ரிக்ல (ரேடியோ கருவி) ஏஎல்சியை, அதாவது தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டைப் பாருங்க. டிரைவ் (ரிக்குக்குள்ள போற ஒலி அளவு) கூடினா சிக்னல் ரெண்டு பக்கமும் பரவும். ஏஎல்சி முள் அசையாத அளவுக்கு வாரா டிரைவைக் குறைங்க. ரிக்ல ஸ்பீச் கம்ப்ரஸர் ஆஃப்ல இருக்கணும். பாதி புகார் இதனாலதான் வருது.

மூத்தஹாம்: பார்ட் 97-ஐ (அமெரிக்க ஹாம் விதிகள்) ஒரு தடவை படிச்சுட்டு வந்திருக்கலாம் தம்பி. 300 பாட் 2024 ஜனவரி 8-ஓட போச்சு. அதுக்குப் பதிலா 2.8 கிலோஹெர்ட்ஸ் அகல வரம்பு. அதனால பலன் 1800 பாட்ல ஓடுற பேக்டர் 4-க்கு (இன்னொரு மோடம் முறை). வாராவுக்கு 300 பாட் தடையாவே இருந்ததில்லை. அகலம் 500 ஹெர்ட்ஸா 2300-ஆ? 7.085 டயலா (ரிக் காட்டுற எண்) சென்டரா (சிக்னலோட நடு)? ஆள் இல்லாம ஓடுதா? எதையுமே சொல்லாம அவசரம்னா எப்படி?

அலை40: ஜெனரல் வகுப்பு. 2300. டயல். கேட்வே (மத்தவங்க மெயிலை வாங்கி இணையத்துக்குக் கடத்துற நிலையம்), ராத்திரி பூரா தானா ஓடும்.

டைபோல்: சிக்கல் அதுதான் சார். 97.221 பாருங்க. தானியங்கி டேட்டா நிலையத்துக்கு 40 மீட்டர்ல ஒதுக்கினது 7.100–7.105. அதுக்கு வெளியே ஓடணும்னா ரெண்டு நிபந்தனை: ஆள் இயக்குற நிலையம் கூப்பிட்டாத்தான் பதில் சொல்லணும், உங்க சிக்னல் 500 ஹெர்ட்ஸைத் தாண்டக்கூடாது. 2300 தாண்டுது. 2.8 வரம்பு இதைத் தளர்த்தல.

7.085-லயே இருக்கணும்னா 500-க்கு இறக்குங்க. 2300 வேணும்னா சென்டரை 7.1025-ல் வைங்க, டயல் 7.1010 யூஎஸ்பி (மேல் பக்கப்பட்டை). சென்டர் டயலுக்கு மேல 1.5 கிலோஹெர்ட்ஸ், அதனால சிக்னல் 7.10135–7.10365-ல் உட்காரும். டயலையே 7.104-ல் வெச்சீங்கன்னா மேல் பக்கம் 7.105-ஐத் தாண்டிடும், நிறைய பேர் சறுக்குற இடம். அந்த 5 கிலோஹெர்ட்ஸ்ல 2300 சிக்னல் ரெண்டுதான் கொள்ளும், பிஸி டிடெக்டரை (வேற சிக்னல் ஓடுதான்னு பார்க்கிறது) ஆஃப் பண்ணிடாதீங்க.

செம்புக்கம்பி: வின்லிங்க்ல சுருக்கி அனுப்புறதை நடுவுல கேட்கிறவங்க படிக்க முடியாது. அதுவே 97.113 தடுக்கிற மறைகுறிதானே?

மூத்தஹாம்: இல்லை. அர்த்தத்தை மறைக்கிற நோக்கத்தோட குறியாக்கறதைத்தான் அந்த விதி தடுக்குது. சுருக்கறது நேரத்தை மிச்சம் பிடிக்க. செய்திகளை லைசன்ஸ் உள்ளவங்க வின்லிங்க் தளத்துலயே படிக்கலாம்.

செம்புக்கம்பி: தளத்துல படிக்கிறது வேற, காத்துல கேட்கிறது வேற. ஹாம்கள் தங்களைத் தாங்களே கண்காணிக்கிற சேவை இது. ஒரு பிட் விட்டாலும் மிச்சம் விரியாது, அப்புறம் எப்படிக் கண்காணிப்பீங்க?

டைபோல்: அதுக்குத் தனி இழை போடுங்க. அவர் கேட்டது அகலம் பத்தி.

அலை40: 7.1025-க்கு மாத்திட்டேன், 2300-லயே ஓடுது. மெயிலுக்கும் பதில் போட்டாச்சு. நன்றி.

டைபோல்: கேட்வே பட்டியல்லயும் மாத்தினீங்களா? அங்க சென்டரைத்தான் கொடுக்கணும். இல்லேன்னா எல்லாரும் இன்னும் பழைய இடத்துலயே கூப்பிட்டுட்டு இருப்பாங்க.