விஞ்ஞானிகள் மனுவில் ஒப்பமிட்டால் அணுகுண்டுப் பரிசோதனை நிற்குமா?

களுவாஞ்சிக்குடி மாணவி:
தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்கு ‘சமாதானத்துக்காக விஞ்ஞானிகள்’ என்ற தலைப்பைத் தந்திருக்கிறார்கள். அணுவாயுதப் போரின் ஆபத்தை எச்சரித்து 1955இல் வெளியான ரசல்–ஐன்ஸ்டைன் பிரகடனம், அதில் ஒப்பமிட்ட 11 பேர், அதைத் தொடர்ந்து 1957இல் கனடாவின் பக்வொஷ் கிராமத்தில் விஞ்ஞானிகள் கூடிய மாநாடு என எழுதிக்கொண்டு போனேன். வாசித்த அப்பா, “பெரிய மனிதர்கள் ஒப்பமிட்டார்கள், சரி. அதனால் எது நின்றது?” என்று கேட்டார். காணாமல் போன சித்தப்பாவுக்காக எங்கள் வீட்டில் எத்தனையோ மனுக்களில் ஒப்பமிட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அப்பாவுக்கு நான் என்ன சொல்வது?

கல்லடி, ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்:
மகள், அப்பாவின் கேள்வி நியாயமானது. அதைப் பேச்சிலேயே கேளுங்கள். ஐன்ஸ்டைனோடு நிறுத்தாமல் அமெரிக்க இரசாயனவியலாளர் லைனஸ் போலிங்கிடம் போங்கள்.

ஆவர்த்தன அட்டவணையின் இரண்டாம் கூட்டத்தில் கல்சியத்துக்கு நேர் கீழே இருப்பது ஸ்ட்ரொன்சியம். இரண்டும் ஒத்த குணம் கொண்டவை என்பதால் உடம்பு ஏமாந்துவிடும். வானில் வெடித்த குண்டின் தூசி மழையோடு புல்லில் இறங்குகிறது. மாடு அந்தப் புல்லை மேய்கிறது. பாலைக் குடித்த குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் கல்சியம் இருக்க வேண்டிய இடத்தில், குண்டிலிருந்து வந்த கதிர்வீசும் ஸ்ட்ரொன்சியம்-90 அமர்ந்துகொள்கிறது. அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், ஏறத்தாழ 29 ஆண்டுகள். படுவான்கரையில் எருமைப்பட்டிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை நான் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது வகுப்பே அடங்கிப்போனது.

1958 ஜனவரியில் போலிங்கும் அவர் மனைவி ஏவா ஹெலனும் குண்டுப் பரிசோதனைகளை நிறுத்தக் கோரும் மனுவை 9,000க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளின் ஒப்பங்களோடு ஐக்கிய நாடுகள் சபையிடம் கையளித்தார்கள். அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் விஞ்ஞானிகளும் ஊர் மக்களும் சேர்ந்து, பிள்ளைகளுக்கு விழுந்த பாற்பற்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். தாய்மார் உறையில் இட்டு அனுப்பிய பற்கள் 3 இலட்சத்தைத் தாண்டின. குண்டுப் பரிசோதனைகள் கூடக்கூடப் பற்களில் ஸ்ட்ரொன்சியமும் கூடியதை ஆய்வுகூடம் அளந்து காட்டியது. மனுவுக்குப் பலம் அங்கேதான் வந்தது. பெயரை அலட்சியம் செய்யலாம். பிள்ளையின் பல்லில் அளந்த அளவை எந்த அரசு அலட்சியம் செய்யும்?

போலிங் தன் நிலைப்பாடுகளுக்கு விலையும் கொடுத்தார். 1952இல் அவருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 1960இல் அமெரிக்க செனட் உபகுழு அழைத்து விசாரித்தபோது, ஒப்பம் சேகரிக்க உதவியவர்களின் பெயர்களைத் தர மறுத்துவிட்டார். பிடிபட்டவரிடம் பெயர் கேட்ட காலத்தை அறிந்த நம் ஊரில் அதன் கனம் எல்லோருக்கும் விளங்கும். 1963 ஒக்ரோபர் 10இல் நிலத்தடி தவிர்ந்த மற்ற அணுகுண்டுப் பரிசோதனைகளைத் தடைசெய்த பகுதிப் பரிசோதனைத் தடை உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அவருக்குச் சமாதான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதும் அன்றுதான்.

அக்கரைப்பற்று வாசகர்:
சேர், ஒரு மறுப்பு. குண்டைச் செய்ததும் விஞ்ஞானிகள்தானே? 1945 ஜூலையில் அணுகுண்டுத் திட்டத்திலேயே வேலை செய்த பௌதிகவியலாளர் சிலார்டும் அவரோடு சேர்ந்த ஏறக்குறைய 70 பேரும் எழுதிய மனுவால் ஹிரோஷிமா தப்பவில்லை. 1963 உடன்படிக்கைக்குப் பிறகும் நிலத்தின் கீழே வெடித்துக்கொண்டுதானே இருந்தார்கள்?

கல்லடி, ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்:
தம்பி, இரண்டும் உண்மை. சிலார்டின் மனு மூடிய கதவுக்குள் சுற்றியது, அப்போது மக்களிடம் வரவே இல்லை. குண்டைச் செய்யும் வேலையில் இருந்தவர்களில் பௌதிகவியலாளர் ஜோசப் ரொட்பிளாட்டை மறக்க வேண்டாம். ஜெர்மனியிடம் குண்டு வராது என்று தெரிந்ததும் 1944 இறுதியில் வேலையை விட்டுப் போனவர் அவர். பின்னர் அவரும், மகள் சொன்ன மாநாட்டிலிருந்து பிறந்த பக்வொஷ் அமைப்பும் 1995இல் சமாதான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நம் நாட்டின் இராஜதந்திரி ஜயந்த தனபாலவும் அந்த அமைப்பின் தலைவராக இருந்தவர்.

1963 உடன்படிக்கையில் நிலத்தடிப் பரிசோதனை விடுபட்டதற்கு ஒரு காரணம், வெடிப்பையும் நிலநடுக்கத்தையும் பிரித்தறிய முடியுமா என்ற சர்ச்சை. அதைத் தீர்க்க நில அதிர்வு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உழைத்தார்கள். 2006இல் வடகொரியா நிலத்தடியில் வெடித்தபோது தொலைதூர நாடுகளின் கருவிகள் அதைப் பதிவு செய்தன. மகள், உங்கள் பேச்சில் பக்வொஷுக்கு ஒரு வசனம் போதும். பாற்பல்லுக்கும் இந்த நில அதிர்வுக் கருவிக்கும் மீதி நேரத்தைக் கொடுங்கள்.