காப்காம் கேமை இன்னும் கண்ணை மூடிட்டு முதல் நாளே வாங்கலாமா? (2025 கடைசில நடந்த அரட்டை)

லோடிங்_லோகு:

மக்களே, ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம், இங்க கொட்டிடறேன். ஜப்பான் கேம் கம்பெனி காப்காமோட ரெசிடென்ட் ஈவில் ரெக்வியம் 2026 பிப்ரவரி 27ன்னு தேதி சொல்லிட்டாங்க, கை துறுதுறுங்குது, ஆனா முன்ன மாதிரி யோசிக்காம காசு கட்ட மனசு வரமாட்டேங்குது. ஒரு காலத்துல காப்காம் லோகோ பாத்தாலே போதும் எனக்கு. 2017ல ரெசிடென்ட் ஈவில் 7 (சுருக்கமா ஆர்இ 7), அடுத்த வருஷம் மான்ஸ்டர் ஹண்டர் வேர்ல்ட், 2019 ஜனவரில ஆர்இ 2 ரீமேக், ரெண்டே மாசம் கழிச்சு டெவில் மே க்ரை 5 (டிஎம்சி 5), நடுவுல ஆர்இ 3 ரீமேக் மட்டும் ஆரம்பிச்சதும் தெரியல முடிஞ்சதும் தெரியல, சரி போகட்டும், அப்புறம் ஆர்இ வில்லேஜ், 2023ல ஆர்இ 4 ரீமேக், அதே வருஷம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6. வேற எந்த பப்ளிஷருக்கும் இந்த மாதிரி ஒரு ஓட்டம் இருந்துச்சா சொல்லுங்க, எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அப்புறம் வந்துச்சு 2024 மார்ச்ல டிராகன்ஸ் டாக்மா 2. கேம்னு பாத்தா எனக்கு உயிர், இருட்டுல லாந்தர்ல எண்ணெய் தீரப்போகுதேன்னு ஒரு பயம் வரும் பாருங்க, மாட்டு வண்டில தூங்கிட்டு போறப்போ பாதி வழில காப்ளின் வந்து வண்டியை உடைக்கும், கிரிஃபின் மேல தொத்திக்கிட்டா அது உங்களையும் சேத்து தூக்கிட்டு எங்கயோ பறந்துடும், இதெல்லாம் வேற யாரும் பண்ணமாட்டாங்க. ஆனா வெர்ன்வொர்த் ஊருக்குள்ள கால் வெச்சா ஃப்ரேம் ரேட் படுத்துடும், படம் திக்கித் திக்கி ஓடும், பிஎஸ்5லயும் சரி எக்ஸ்பாக்ஸ்லயும் சரி. போதாததுக்கு ரிலீஸ் அன்னிக்கு ஸ்டோர்ல போய் பாத்தா முகத்தை மாத்துறதுக்கு ஒரு காசு, சட்டுனு வேற இடத்துக்குப் போக உதவுற போர்ட்கிரிஸ்டலுக்கு ஒரு காசுன்னு வரிசையா தொங்குது. அதுக்கு மேல மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸ். 2025 பிப்ரவரி 28 ரிலீஸ், மூணு நாள்ல 80 லட்சம் காப்பி, ஒரே மாசத்துல 1 கோடி. அப்புறம் ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் மொத்தமே 4.77 லட்சம்தான். அந்த மூணு மாசத்துல ஆறு வருஷப் பழைய டிஎம்சி 5 அதை விட அதிகமா வித்திருக்குன்னா பாத்துக்கங்க, நெட்ஃப்ளிக்ஸ் அனிமே வந்த புண்ணியம்தான், இருந்தாலும்.

என் கேள்வி இதுதான். இது ரெண்டு கேம் சறுக்குனதா, இல்ல இந்தப் பொற்காலத்துக்கு முன்ன இருந்த பழைய காப்காம் திரும்பி வருதா? ரெக்வியம் ப்ரீ ஆர்டர் போடலாமா? நம்ம ஊர்ல ஒரு கேம் ஐயாயிரம் ரூபாயைத் தொடுது, சும்மா இல்ல.

மதுர_ஹண்டர்:

வைல்ட்ஸ் பத்தி பேசுறவங்க பாதி பேர் இதுக்கு முன்னாடி மான்ஸ்டர் ஹண்டர் தொட்டதே இல்ல தல. இந்த சீரிஸ் எப்பவுமே ரெண்டு தவணைலதான் முழுசாகும். வேர்ல்ட் வந்தப்பவும் கதை முடிஞ்சப்புறம் எண்ட் கேம்ல என்ன பண்றதுன்னு தெரியாம உக்காந்திருந்தோம், டெவில்ஜோங்கற மிருகம் வந்துச்சு, அப்புறம் 2019ல ஐஸ்போர்ன்னு பெரிய கூடுதல் பகுதி வந்து அதை வேற லெவலுக்கு கொண்டு போச்சு. அடுத்து வந்த மான்ஸ்டர் ஹண்டர் ரைஸுக்கு அதே மாதிரி சன்பிரேக். வைல்ட்ஸ்லயும் ஏப்ரல்ல மிஸுட்சூனே, ஜூன் கடைசில லாகியாக்ரஸ், செரெகியோஸ், அப்புறம் ஃபைனல் ஃபேன்டசி 14 கூட்டு சேந்து ஒமேகான்னு புது மிருகங்க, எல்லாமே இலவசம். வேற எந்த பப்ளிஷர் இதை ஃப்ரீயா குடுக்குறான்?

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். ரொம்ப ஈஸி பண்ணிட்டாங்க. மிருகம் எங்க இருக்கோ அங்க நாம ஏறிப் போற செக்ரெட்டே ஓடிப்போய் நிக்குது, நீ ட்ராக் பண்ண வேண்டிய வேலையே இல்ல, கதை முடியுற வரைக்கும் ஒரு தடவை கூட விழாம போயிடலாம். புது ஆளுங்களைப் பிடிக்கணும்னு பண்ணாங்க, அவங்க கதையை முடிச்சிட்டு கிளம்பிட்டாங்க, பழைய ஆளுங்க நாங்க மட்டும் அடுத்த அப்டேட் எப்போன்னு வாசல்ல நிக்கிறோம். பர்ஃபார்மன்ஸ் பத்தி நான் வாய திறக்கல, அதுக்கு சப்பக்கட்டு கட்ட என்னால முடியாது, பெர்ஃபார்மன்ஸ் மோடுல பாலைவனத்தைப் பாத்தா கண்ணாடி தொடைக்கணும்னு தோணும்.

நைட்_டியூட்டி_கோடர்:

லோகு ப்ரோ, நீங்க ரெண்டு தனித்தனி பிரச்சனையை ஒண்ணா கட்டிட்டீங்க. முதல்ல இன்ஜின், அதாவது கேமை ஓட்டுற அடிப்படை சாஃப்ட்வேர் கதைய பாப்போம்.

ஆர்இ இன்ஜின் ஆர்இ 7க்காக செஞ்சது. ஒரு வீடு, குறுகலான வராண்டா, ஒரு நேரத்துல ரெண்டு மூணு எதிரி, கதவு சாத்துனா பின்னாடி இருக்கறதை மறந்துடலாம். அதுல அது ராஜா, பழைய பிஎஸ்4லயே ஆர்இ 2 ரீமேக் எவ்ளோ அழகா இருந்துச்சு. அதே இன்ஜின்ல பெரிய திறந்த உலகத்தை ஓட்டுனா என்ன ஆகும்? டாக்மா 2ல ஊருக்குள்ள ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா கணக்கு போட வேண்டியிருக்கு, அதனாலதான் சிபியு மேல லோடுன்னு காப்காமே விளக்கம் குடுத்தாங்க. அதான் காட்டுக்குள்ள நல்லா ஓடுது, ஊருக்குள்ள வந்தா மூச்சு வாங்குது. வைல்ட்ஸ்லயும் கூட்டம் கூட்டமா மிருகம், மாறிட்டே இருக்குற வானிலை, லோடிங் இல்லாத மேப், அதே நோவுதான். அவங்களுக்கும் இது தெரியாம இல்ல, ரெக்ஸ்னு அடுத்த இன்ஜினுக்கான வேலை நடக்குதுன்னு 2023லயே சொல்லிட்டாங்க.

இப்ப ரெக்வியம் என்ன? டைரக்டர் கோஷி நகானிஷி, ஆர்இ 7 பண்ணவரே. மறுபடி இருட்டு, மறுபடி ஒடுங்குன இடம், அந்த இன்ஜின் பிறந்து வளந்த வீடு. நின்டெண்டோ ஸ்விட்ச் 2லயும் அதே நாள் வருது, அந்த சின்ன மெஷின்ல ஓடணும்னா அளவாத்தான் செஞ்சிருப்பாங்க. அதனால டெக்னிக்கலா எனக்கு பயமே இல்ல. டாக்மா 2 டைரக்டர் இட்சுனோ 30 வருஷ சர்வீஸுக்கு அப்புறம் 2024 ஆகஸ்ட்ல கம்பெனியை விட்டே போயிட்டார், என்னைக் கேட்டா அதுதான் பெரிய நஷ்டம். டிஎம்சி 6ஐ இனி யார் செய்வா?

வின்சன்ட்_வேண்டாம்:

டிஎம்சி 6 வேணாம், டைனோ க்ரைசிஸ் குடுங்கடா போதும்.

ரெட்ரோ_மாமா:

கோடர் தம்பி சொன்ன இன்ஜின் விளக்கம் சரி, எனக்கும் புரிஞ்சுது. ஆனா ஃப்ரேம் ரேட்டை ஒரு பேட்ச் போட்டு சரி பண்ணிடலாம், டாக்மா 2க்கே ஒண்ணு ரெண்டு வாரத்துல நொடிக்கு 30 ஃப்ரேம்ல லாக் பண்ற ஆப்ஷன் குடுத்தாங்க, புத்தியை எந்த பேட்ச் போட்டு சரி பண்றது? உங்கள்ல நிறைய பேருக்கு 2012 ஞாபகம் இருக்காது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன், காசு குடுத்து வாங்குன டிஸ்க்குக்குள்ளேயே 12 கேரக்டர் பூட்டி வெச்சிருந்தான், பல மாசம் கழிச்சு தனியா வித்தான். அதே வருஷம் அசுராஸ் ராத், கதையோட உண்மையான முடிவையே டிஎல்சியா, அதாவது தனியா காசு குடுத்து வாங்குற கூடுதல் பகுதியா போட்டான். ஆர்இ 6 எல்லாரையும் திருப்திப்படுத்தப் போய் ஒருத்தனையும் திருப்திப்படுத்தல. 2016ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 ஆர்கேட் மோடே இல்லாம வந்துச்சு, ஆர்கேட்ல பிறந்த கேம்ல ஆர்கேட் மோட் இல்ல! ஆர்இ 7 வந்து அந்த மானத்தைக் காப்பாத்துச்சு, அதுக்கப்புறம்தான் நீங்க சொல்ற பொற்காலம்.

அந்தப் பொற்காலத்துக்குள்ளேயே நான் பாத்த ஒண்ணு சொல்றேன். ஆர்இ 4 ரீமேக் 2023 மார்ச் 24 வந்துச்சு, எல்லா இடத்துலயும் பத்துக்கு ஒன்பது, பத்து. ரெண்டு வாரம் கழிச்சு ஏப்ரல் 7ம் தேதி மெர்சினரீஸ் மோட் ஃப்ரீன்னு எல்லாரும் கொண்டாடிட்டு இருக்கும்போது, அதே நாள் சத்தமில்லாம துப்பாக்கி அப்கிரேட் டிக்கெட்டை காசுக்கு ஸ்டோர்ல வெச்சுட்டான். ரிவ்யூ எழுதுறவன் எழுதி முடிச்சப்புறம்! டாக்மா 2லயும் அப்படித்தான், மார்க் எல்லாம் போட்டு முடிச்ச பிறகுதான் ஸ்டோர் லிஸ்ட் வெளில தெரிஞ்சுது. கேமுக்குள்ளயே கிடைக்குதே, வாங்கணும்னு கட்டாயம் இல்லையேன்னு இப்ப ஒருத்தன் வருவான் பாருங்க. அப்ப எதுக்குடா விக்கிற? ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6ல நிஞ்சா டர்ட்டில்ஸ் டிரஸ், ஒண்ணு கிட்டத்தட்ட 15 டாலர், நாலும் வேணும்னா ஒரு புது கேம் விலை, அதுவும் நாமளே செஞ்சுக்குற அவதாருக்குத்தான், சீரிஸ் ஹீரோ ரியூவுக்கு கூட போட முடியாது.

கேம் விலை ரொம்பக் கம்மின்னு 2023ல அந்தக் கம்பெனி தலைவர் சுஜிமோட்டோவே பேசுனாரு. அவங்க வீட்டுல அப்படித்தான் தோணும்.

லோடிங்_லோகு:

மாமா அந்த ஆர்இ 4 டிக்கெட் மேட்டர் எனக்கு இப்பதான் தெரியும், நான் சேல்ல பிறகு வாங்குனேன். ஆனா செபரேட் வேஸ் டிஎல்சி பத்து டாலருக்கு குடுத்தாங்களே, ஆர்இ 4ல வர்ற ஏடாவோட மொத்தக் கதையும், அதுக்கு மேலயே கேக்கலாம். அதே கம்பெனிதானே இதையும் பண்ணுச்சு, அதான் எனக்கு குழப்பமே.

ஸ்காபரோ_ஷேக்:

நான் இஞ்ச கனடாவில இருந்து வாசிக்கிறன், நீங்கள் காப்காமைப் போட்டு இப்பிடி வறுக்கிறதப் பாக்க எனக்குச் சிரிப்பாக் கிடக்கு. மற்ற ஆக்கள் என்ன செய்யினம் எண்டு பாக்கேல்லையோ? யூபிசாஃப்ட் த க்ரூ எண்ட கார் ரேஸ் கேமின்ட சேர்வரை 2024 மார்ச் 31ல நிப்பாட்டினவங்கள், தனிய ஓடுற கதையையும் சேர்த்துத்தான் போனது, பிறகு காசு குடுத்து வாங்கின ஆக்களின்ட லைசென்ஸையும் எடுத்துப்போட்டாங்கள். அந்தக் கோபத்திலதான் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் எண்ட இயக்கம் தொடங்கி ஐரோப்பாவில பத்து லட்சத்துக்கு மேல கையெழுத்து விழுந்தது. ப்ரின்ஸ் ஆஃப் பெர்ஷியா லாஸ்ட் க்ரவுன் எண்டு நல்ல ஒரு கேம் செய்த டீமையும் கலைச்சாச்சு. ஸ்கல் அண்ட் போன்ஸ் மூண்டு ஏ பெரிய கேமுகளுக்கும் மேல, நாலு ஏ எண்டு வேற சொன்னவர் யூபிசாஃப்ட் தலைவர்.

மைக்ரோசாஃப்ட் ஹை ஃபை ரஷ் கேமைச் செய்த டாங்கோ ஸ்டூடியோவை 2024 மே மாசம் மூடுறம் எண்டு சொன்னது, பிறகு கிராஃப்டன் எண்ட கம்பனி வந்து எடுத்ததால தப்பினது. சோனி கான்கார்ட் எண்ட கேமை ரெண்டே கிழமையில இழுத்து மூடிச்சு, காசைத் திருப்பிக் குடுத்தது உண்மைதான், ஆனா ஒக்டோபர்ல ஸ்டூடியோவையும் மூடியாச்சு. இவ்வளவு நடக்கேக்க காப்காம் 2022ல சம்பளத்தைச் சராசரியா 30 சதவீதம் கூட்டினது. ஆக்களை வச்சிருந்தாத்தான் கேம் வரும். அதனால டிக்கெட் வித்தான் டிரெஸ் வித்தான் எண்டு நான் பெரிசாக் கவலைப்படேல்ல, வாங்காம விட்டாச் சரி.

ரெட்ரோ_மாமா:

பக்கத்து வீட்டுக்காரன் பொண்டாட்டியை அடிக்கிறான்னு நம்ம வீட்டுக்காரனுக்கு மாலை போட முடியாது தம்பி.

சம்பள விஷயம் நல்லதுதான், அதை நான் மறுக்கல.

பாதி_பாஸ்:

ஏன் எல்லாரும் பப்ளிஷருக்கு கோயில் கட்டுறீங்க? ஈஏங்கற பெரிய பப்ளிஷர் பேரைச் சொன்னாலே துப்புற ஆளு நான், உள்ள என்னன்னு தெரியாம காசு குடுத்து வாங்குற லூட் பாக்ஸ், அல்டிமேட் டீம், டிராகன் ஏஜ் கதி எல்லாம் பாத்தாச்சு, 55 பில்லியன் டாலருக்கு சவுதி ஃபண்டு கூட்டணிக்கு கைமாத்தறதா 2025ல அறிவிச்சாச்சு. ஆனா அதே ஈஏ லேபிள்லதான் ஸ்ப்ளிட் ஃபிக்ஷன் வந்துச்சு, 50 டாலர், ஒருத்தர் வாங்குனா போதும், ஃப்ரெண்ட் பாஸ்ல இன்னொருத்தர் ஓசில சேந்துக்கலாம், டிஎல்சி கிடையாது, மைக்ரோ ட்ரான்ஸாக்ஷன் கிடையாது. என் தங்கச்சியும் நானும் ஒரே வாரத்துல முடிச்சோம், அந்த பன்னிக்குட்டி லெவல்ல அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே. அதை ஈஏ செஞ்சுதுன்னு சொல்லுவீங்களா, ஹேஸ்லைட் ஸ்டூடியோ செஞ்சுதுன்னு சொல்லுவீங்களா? எக்ஸ்பெடிஷன் 33 கேமோட பப்ளிஷர் பேர் கெப்ளர், ரிலீஸுக்கு முன்னாடி இங்க எத்தனை பேருக்கு அந்தப் பேர் தெரியும்?

டீமைப் பாருங்க, டைரக்டரைப் பாருங்க. லோகோவை விடுங்க.

நைட்_டியூட்டி_கோடர்:

பாதி_பாஸ் சொல்றதுல பாதிதான் சரி, பேருக்கு ஏத்த மாதிரி. ஹேஸ்லைட் தனி கம்பெனி, அதனால அங்க அந்தக் கணக்கு செல்லும். காப்காம்ல கேம் செய்யுறவனும் அவனே, விக்கிறவனும் அவனே, இன்ஜினும் அவனோடது. அங்க டைரக்டர் எவ்ளோ நல்லவரா இருந்தாலும் ஸ்டோர்ல என்ன தொங்கணும்னு முடிவு பண்றது வேற மாடி. அதனால மாமா சந்தேகத்துக்கு நகானிஷி பேர் பதில் ஆகாது, ஃப்ரேம் ரேட் சந்தேகத்துக்கு மட்டும்தான் ஆகும்.

மதுர_ஹண்டர்:

ரெக்வியம் ஹீரோயின் கிரேஸ், பழைய ஆர்இ கேம் அவுட்பிரேக்ல வந்த அலிசா ஆஷ்க்ராஃப்ட் பொண்ணு. அவுட்பிரேக்கை ஞாபகம் வெச்சிருக்குற ஒரு கம்பெனியை நான் எப்படி சந்தேகப்படுவேன் சொல்லுங்க. நான் போட்டாச்சு ஆர்டர்.

லோடிங்_லோகு:

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ பேர் பதில் போடுவீங்கன்னு நினைக்கல. டிஜிட்டல் ப்ரீ ஆர்டர் போடப்போறதில்ல, முடிவு பண்ணிட்டேன். டிஸ்க் வாங்குவேன், அதுவும் சாதா பிஎஸ்5ல எப்படி ஓடுதுன்னு டெஸ்ட் வீடியோ வந்தப்புறம், பிடிக்கலன்னா வித்துடலாம். பிஎஸ்5 ப்ரோ மெஷின்ல ஓடுற வீடியோவை வெச்சு நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, அது இந்தியாவுக்கே வரல. டீலக்ஸ் எடிஷன் பக்கம் தலை வெக்கமாட்டேன், மாமா சந்தோஷமா? ரெண்டு வாரம் கழிச்சு ஸ்டோர்ல ஏதாச்சும் டிக்கெட் முளைக்குதான்னு பாத்து நானே இங்க வந்து சொல்றேன்.

மதுர_ஹண்டர் அண்ணா, வைல்ட்ஸ் டிசம்பர் அப்டேட்ல கோக்மாசியோஸ்னு மிருகம் வருதே, நாலு பேர் லாபி போடுறீங்களா? என்கிட்ட ஹெவி போகன் செட் ரெடியா இருக்கு, வாரநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல ஃப்ரீ.

மதுர_ஹண்டர்:

போடலாம் தம்பி. கோடரையும் இழுத்துட்டு வா, ஹண்டிங் ஹார்ன் ஊத ஒரு ஆள் வேணும்.