ஏசி மெக்கானிக்குகளுக்கு மாலை நேரப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

வணக்கம். சென்னை தண்டையார்பேட்டையில் என் அண்ணனும் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும் சொந்தமாக ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறார்கள். கூட இருந்து பார்த்தே கற்ற தொழில். பழைய ஏசிகளில் குளிரூட்டும் ஆர்22 கேஸில் கை பழகியவர்கள். இப்போது ஆர்32 இன்வெர்ட்டர் ஏசிதான் அதிகம் வருகிறது. அந்த கேஸ் லேசாகத் தீப்பிடிக்கும். ஆர்290 இன்னும் ஆபத்து, அது புரொப்பேனேதான். குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப் போடாமல் கேஸ் ஏற்றும் பழைய பழக்கத்தை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. (அண்ணனிடம் சொன்னால் திட்டு விழும்.)

ஓர் இடத்தில் விசாரித்தோம். ஒரு மாதம், பகல் வகுப்பு என்றார்கள். கடையை மூடினால் வீட்டில் அடுப்பு எரியாதே! மாலையிலோ ஞாயிறிலோ, பிசிபி (ஏசியின் எலக்ட்ரானிக் போர்டு) ரிப்பேரும் சேர்த்து, ராயபுரம், வியாசர்பாடி பக்கம் வகுப்பு இருந்தால் சொல்லுங்கள். கற்றுக்கொடுக்க மூத்த மெக்கானிக் யாராவது வந்தாலும் சரி, இடமும் டீயும் எங்கள் பொறுப்பு.

அப்புறம், தெரிந்த வேலைக்கே தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் ஆர்பிஎல் முறையில் யாராவது போயிருக்கிறீர்களா?