சிங்கப்பூர்க் குடும்பக் குழு: கவிதா பார்த்த ஈசூன் வீடு

கவிதா (இரவு 8:14)
இன்று ஈசூனில் ஒரு நாலறை வீடு பார்த்தோம். எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். 580,000 வெள்ளி கேட்கிறார்கள். விற்பவரின் ஏஜெண்ட் நன்றாகப் பேசினார். "உங்களுக்குத் தனி ஏஜெண்ட் எதற்கு? எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன், கமிஷனும் வேண்டாம்" என்றார். சரி சொல்லிவிடலாமா?

அம்மா (8:16)
காற்று வருகிறதா? சாமி மாடம் வைக்க இடம் இருக்கிறதா?

கவிதா (8:16)
இரண்டும் இருக்கிறது அம்மா.

செல்வி சித்தி (8:21)
கவிதா, இன்றைக்கு அவரிடம் எதுவும் சொல்லாதே. அவர் விற்பவருடைய ஆள். விற்பவருக்கு நல்ல விலை வாங்கித் தருவதுதான் அவர் வேலை, அதில் தப்பே இல்லை. ஆனால் உனக்காக அவர் பேச முடியாது. ஒரே விற்பனையில் ஒரே ஏஜெண்ட் இரண்டு பக்கமும் நிற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

செல்வி சித்தி (8:25)
செங்காங் வீடு வாங்கியபோது நாங்கள் இப்படித்தான் மாட்டினோம். அந்த ஏஜெண்ட் காப்பி வாங்கிக் கொடுத்து அன்பாகப் பேசினார். வாடகை வீடு ஜூனில் முடிகிறது, அதற்குள் மாறியாக வேண்டும், கடைசியாக இவ்வளவு வரை கொடுப்போம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மறுநாள் விற்பவர் சரியாக அந்தத் தொகையில் வந்து நின்றார். ஆயிரம் வெள்ளிகூட இறங்கவில்லை. இன்றுவரை மனசு ஆறவில்லை.

கவிதா (8:27)
ஐயோ சித்தி. எங்கள் பட்ஜெட்டை அவர் கேட்டார். என் வீட்டுக்காரர் சொல்ல வாயெடுத்தார், நல்லவேளை அப்போது போன் வந்தது.

அருண் (8:31)
அக்கா, ஏஜெண்டே இல்லாமலும் வாங்கலாம். போன வருடம் நாங்கள் எச்டிபி (அரசு வீடமைப்பு வாரியம்) போர்ட்டலில் நாங்களே செய்தோம். முதலில் எச்எஃப்இ கடிதம், அதாவது நமக்கு வீடு வாங்கத் தகுதி உண்டு என்று எச்டிபி தரும் கடிதம், கையில் இருக்க வேண்டும். ஆப்ஷன் தொகை, அதாவது வீட்டை நமக்காகப் பிடித்து வைக்க முதலில் கொடுக்கும் பணம், 1,000 வெள்ளிக்கு மேல் போகாது, அதை விற்பவரிடமே கொடுக்க வேண்டும், எந்த ஏஜெண்ட் கையிலும் கொடுக்காதே. பிறகு யோசிக்க 21 நாள் கிடைக்கும். ஆனால் வீட்டின் மதிப்பை எச்டிபியிடம் கேட்கும் மதிப்பீட்டு விண்ணப்பத்தை, ஆப்ஷன் வாங்கிய அடுத்த வேலைநாளுக்குள் போட்டுவிட வேண்டும்.

ரவி மாமா (8:36)
அருண் சொல்வது சரி. ஆனால் அவனுக்குக் கணக்குப் பார்க்க நேரம் இருந்தது. விலை பேசி ஆப்ஷன் வாங்கிய பிறகுதான் எச்டிபி மதிப்பீடு வரும். 580,000க்கு ஒத்துக்கொண்டு மதிப்பீடு 560,000 என்று வந்தால், நடுவில் உள்ள 20,000 முழுக்க ரொக்கம். அதற்கு சிபிஎஃப் சேமநிதிப் பணமும் எடுக்க முடியாது, கடனும் கிடைக்காது. அந்த இடத்தில்தான் நம் பக்கம் பேச ஓர் ஆள் வேண்டும்.

அருண் (8:38)
பக்கத்து பிளாக்குகள் என்ன விலைக்குப் போயின என்று எச்டிபி தளத்திலேயே பார்க்கலாம் மாமா.

ரவி மாமா (8:39)
பார்க்கலாம். அதை வைத்து எதிராளியிடம் பேரம் பேசுவது வேறு. கவிதா, விற்பவர்கள் யார்?

கவிதா (8:40)
சீனக் குடும்பம் மாமா.

ரவி மாமா (8:41)
அப்படியானால் அந்த பிளாக்கில் இந்தியர் ஒதுக்கீடு, அதாவது இந்தியர் இவ்வளவு வீடுதான் வைத்திருக்கலாம் என்ற எச்டிபி வரம்பு, நிறைந்துவிட்டதா என்று முதலில் பார். நிறைந்திருந்தால் அவர்களிடம் நாம் வாங்க முடியாது. விற்பவரும் இந்தியராக இருந்தால்தான் முடியும். ஏஜெண்ட் இதைச் சொன்னாரா?

கவிதா (8:42)
ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அருண் (8:42)
பிளாக் நம்பர் அனுப்பு அக்கா.

அருண் (8:50)
பார்த்துவிட்டேன். இந்த மாதம் வாங்கலாம். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி ஒதுக்கீட்டு நிலை மாறலாம்.

கவிதா (8:55)
இவருடைய ஆபீஸ் நண்பர் ஓர் ஏஜெண்டைச் சொன்னார். 1 விழுக்காடு கேட்கிறார். 5,800, ஜிஎஸ்டி 9 விழுக்காடு சேர்த்தால் 6,322. அதுவும் ரொக்கமாக. கொஞ்சம் கனமாக இருக்கிறது.

செல்வி சித்தி (8:59)
இவ்வளவுதான் வாங்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, குறைத்துக் கேள். ஏஜெண்டுகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான சிஇஏவின் தளத்தில் அவர் போன் நம்பரைப் போட்டுப் பார். பதிவு இருக்கிறதா, யார் பக்கம் நின்று எத்தனை வீடு முடித்தார் என்று வரும். கையெழுத்துப் போட்டால் சிஇஏ படிவத்தில் மட்டும் போடு. வேறு ஏஜெண்டிடம் போகக் கூடாது என்ற ஒப்பந்தமாக இருந்தால் அது மூன்று மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பணத்தையும் கம்பெனிக்குத்தான் கட்ட வேண்டும், அவர் சொந்தக் கணக்குக்கு இல்லை.

கவிதா (9:12)
பதிவு இருக்கிறது சித்தி. ஈசூனில் வாங்குபவர் பக்கம் நான்கு முறை நின்றிருக்கிறார். 5,000க்கு இறங்கி வருவாரா என்று கேட்டிருக்கிறேன்.

அருண் (9:13)
சரி அக்கா, நான் இனி வாதாடவில்லை. உங்களுக்குக் குழந்தையும் இருக்கிறது, ஷிப்ட் வேலையும் இருக்கிறது. ஆள் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

கவிதா (9:31)
ஒத்துக்கொண்டார், 5,000, ஜிஎஸ்டி தனி. "எங்கள் சார்பில் எங்கள் ஏஜெண்ட் பேசுவார்" என்று விற்பவரின் ஏஜெண்டுக்கும் செய்தி அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை மறுபடியும் போய்ப் பார்க்கிறோம்.

அம்மா (9:33)
நானும் வருகிறேன். நாலு மணிக்கு மேல் போவோம். மேற்கு வெயில் எந்த அறையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.