ஆழமாக மூச்சிழுத்தால் பதற்றம் கூடுகிறதே, ஏன்?

ரயில்வாசி:
தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறும்போதே நெஞ்சு படபடக்கிறது. ஈசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்தாச்சு, கோளாறு இல்லை, பதற்றம்தான் என்றார் டாக்டர். சரி என்று வாயைத் திறந்து நன்றாக ஆழமாக மூச்சிழுத்தால் விரல் நுனியும் உதடும் மரத்து, தலை சுற்றுகிறது. மூச்சுப் பயிற்சி எனக்கு ஒத்துக்கொள்ளாதோ?

நைட்டூட்டி:
நான் நர்ஸ். ராத்திரியில் இப்படிப் பயந்துபோய் வருகிறவர்கள் நிறைய. விடாமல் ஆழமாக இழுத்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கும். மரப்பும் தலைசுற்றலும் கரியமில வாயு குறைவதால்தான், ரத்தத்தில் ஆக்சிஜன் போதாமல் அல்ல. படுக்கைப் பக்கம் நின்று நான் சொல்வது ஒன்றுதான்: "இழுக்கிறதை மறந்துடுங்க, விடுறதைப் பாருங்க."

மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமெடுக்கும், விடும்போது தணியும். மூளையிலிருந்து இதயத்துக்குப் போய்த் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் வேலை அது. மூக்கால் 4 எண்ணும்வரை மெதுவாக இழுங்கள். சூடான காபியை ஊதுவது மாதிரி உதட்டைக் குவித்து 6 எண்ணும்வரை விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். தோள் தூக்கக் கூடாது, வயிறுதான் அசைய வேண்டும்.

திண்ணைவாசி:
திருமந்திரத்திலேயே 16 மாத்திரை நேரம் இழுத்து, 64 அடக்கி, 32 விடச் சொல்லியிருக்கிறது. விடுவது இழுப்பதைப் போல இரண்டு மடங்கு!

நைட்டூட்டி:
கணக்கு சரிதான் ஐயா. ஆனால் அந்த 64, குருவை வைத்துப் பழகுகிறவர்களுக்கு. படபடப்பில் இருப்பவர் மூச்சை அடக்கினால் திணறல்தான் மிஞ்சும். இவருக்கு அடக்கலே வேண்டாம்.

ரயில்வாசி:
நன்றி சிஸ்டர். நாடி பிடித்துப் பார்த்தேன், நிஜமாகவே மாறுகிறது! ஆனால் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு எங்கே எண்ணுவது?

நைட்டூட்டி:
அங்கே போய்க் கற்றுக்கொள்ள முடியாது. வீட்டில் மனசு சும்மா இருக்கும் நேரத்தில் தினமும் 5 நிமிடம் பழகுங்கள். 2023இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் ஆய்விலும் தினம் 5 நிமிடம்தான், ஒரு மாதம். நீளமாக விடும் முறையைப் பழகியவர்களுக்கு, தியானம் செய்தவர்களைவிட மனநிலை கூடுதலாகத் தெளிந்திருந்தது. அப்புறம், ரயிலையே தவிர்க்கும் அளவுக்குப் போனால் மூச்சை மட்டும் நம்பி இருக்காதீர்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், இலவசம்.