ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா: குழந்தைகளுக்கு பிராங்கோஸ்கோபி எங்கே செய்கிறார்கள்?

வணக்கம். கூடலூரில் இருக்கிறோம். மகளுக்கு இரண்டு வயது, எடை 11 கிலோ. பொங்கல் முடிந்ததிலிருந்து நிமோனியா வருவதும் போவதுமாக இருக்கிறது.

முதல் முறை காய்ச்சல், இருமல், வேகமான மூச்சு. தூங்கும்போது எண்ணினேன், நிமிடத்துக்கு 48. இந்த வயதில் 40-ஐத் தொட்டாலே வேகமூச்சு என்று செவிலியர் அக்கா சொல்லியிருந்தார். அமாக்சிசிலின் கொடுத்ததும் காய்ச்சல் விட்டது. மாசியில் மறுபடி வந்தது. அட்மிட் செய்து ஊசி மருந்து போட்டார்கள், நெபுலைசர் வைத்தார்கள். சரியாகி வீட்டுக்கு வந்தோம். இப்போது மூன்றாம் முறை.

எல்லா எக்ஸ்ரேயிலும் நிழல் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில்தான். காசநோய்க்கான தோல் பரிசோதனையில் ஒன்றுமில்லை. நிமோகாக்கல் உட்பட எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்று. ஆக்சிஜன் 95, நெஞ்சு உள்வாங்கவில்லை, சாப்பிடுகிறாள். ஆனால் வலது பக்கம் மட்டும் வீசிங் கேட்கிறது என்கிறார் டாக்டர்.

பொங்கலன்று வேர்க்கடலை தின்னும்போது அவளுக்குப் பலமாகப் புரை ஏறியது என்று அத்தை சொன்னார். அதைக் கேட்டதும் டாக்டர், கடலைத் துண்டு மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம், அது எக்ஸ்ரேயில் தெரியாது, பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்துதான் பார்க்க வேண்டும் என்றார். இங்கே அந்த வசதி இல்லை. விசாரித்த தனியார் மருத்துவமனையில் பெரியவர்களுக்கு மட்டும்தானாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. இனியும் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

கோவையிலோ கோழிக்கோட்டிலோ இவ்வளவு சின்னக் குழந்தைக்கு பிராங்கோஸ்கோபி செய்து, சிக்கியதை எடுக்கும் அரசு மருத்துவமனை எது?